பெயர்ப் பட்டை இல்லாத பெட்டி

ஜொகூர் பாருவிலிருந்து வாசகர் ஒருவர் ஏழு படங்கள் அனுப்பியிருந்தார். நான்கு கால், இரு பக்கமும் இழுத்து மூடும் மரக் கதவு, வலப்பக்கம் பெரிய திருகு. அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி. முகப்பில் பெயர்ப் பட்டை இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள்தான் மிச்சம்.

“ஐயா, இது எந்தக் கம்பெனி செட்? தீபாவளிக்குள் ஓட வைக்க முடியுமா? உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டு எல்சிடி திரை பொருத்தித் தருகிறேன் என்கிறான் அக்கா மகன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை” என்று எழுதியிருந்தார்.

அக்கா மகனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் என்று உடனே பதில் போட்டேன். காரணம் ஏழாவது படம். பின்மூடியின் உட்புறம் வால்வுகளின் இடத்தைக் காட்டும் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. பூச்சி தின்றது போக ஒரு மூலையில் ‘ட்ரோன்’ என்ற முடிவும், அதன் கீழே சிங்கப்பூர் என்பதும் தெரிந்தன. செட்ரோன்!

சிங்கப்பூரில் தொலைக்காட்சி வந்தது 1963 பிப்ரவரி 15. கோலாலம்பூரில் அதே ஆண்டு டிசம்பர் 28. தொடக்கத்தில் எல்லாமே இறக்குமதிப் பெட்டிகள். அந்த 1960களிலேயே குவீன்ஸ்டவுனில் தொழிற்சாலை வைத்து உள்ளூரிலேயே பெட்டிகளைப் பொருத்தி விற்ற சிங்கப்பூர் நிறுவனம் செட்ரோன். இன்று அதன் பெட்டிகள் அரிதாகிவிட்டதற்குக் காரணம் எளிது என்பேன். ஐரோப்பியப் பெயர் போட்ட பெட்டியைத் துணி போர்த்திக் காத்தவர்கள், நம்மூர்ப் பெட்டியைப் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். 1974இல் சிங்கப்பூருக்கும் 1978இல் நமக்கும் வண்ண ஒளிபரப்பு வந்ததும் இவை கூட்டமாக வெளியேறின.

ஆனால் ஒரு கிழிந்த தாளை மட்டும் நம்பிப் பெயர் வைத்துவிடக் கூடாது. பழுதுபார்ப்பவர்கள் ஒரு பெட்டியின் பின்மூடியை இன்னொன்றுக்கு மாட்டுவது அன்று சகஜம். எனவே மூன்று இடங்களைப் பார்க்கச் சொன்னேன்.

முதலில் படக்குழாயின் எண். ‘ஏடபிள்யூ59’ என்பது போல இருந்தால் ஐரோப்பிய முறை. 59 என்பது திரையின் மூலைவிட்டம், சென்டிமீட்டரில். 23இல் தொடங்கி ‘பி4’ என்று முடிந்தால் அமெரிக்க முறை. அந்த 23 அங்குலக் கணக்கு. இரண்டும் ஒரே அளவுதான்! அடுத்து, மின்தேக்கிகளிலும் ஒலிபெருக்கியின் முதுகிலும் உள்ள தேதி முத்திரைகள். பின்னாளில் மாற்றிய பாகங்களைத் தள்ளிவிட்டு, மிஞ்சுவதில் கடைசித் தேதி எதுவோ, பெட்டி அதற்குப் பிறகுதான் உருவாகியிருக்க வேண்டும்.

கடைசியாக அலைவரிசைத் திருகு. 1 முதல் 13 வரை எண்கள் இருந்தால் பெரும்பாலும் பிரிட்டனின் 405 வரிப் பெட்டி. அது நம் நாட்டின் 625 வரி ஒளிபரப்புக்கு உதவாது. இவருடையதில் 2 முதல் 12 வரை இருந்தது. 8 என்ற எண் மட்டும் தேய்ந்து மங்கியிருந்தது. சிங்கப்பூரின் சேனல் 8இல்தான் அந்நாளில் சீன நிகழ்ச்சிகளோடு தமிழ் நிகழ்ச்சிகளும் வந்தன. ஜொகூர் பாருவில் அது நன்றாகவே எடுக்கும்.

சரி, ஓட வைப்பது? முதல் விதி, ஆசைப்பட்டு சுவிட்சைப் போட்டுப் பார்க்காதீர்கள். ஐம்பது வருடம் தூங்கிய பெட்டியை மூன்றே விநாடியில் சாகடித்துவிடலாம். கடையில் கண்டன்சர் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த மின்தேக்கிகள் நம் ஈரக்காற்றில் கசிந்து போயிருக்கும். நேராக 230 வோல்ட் பாய்ச்சினால், பின்னால் உள்ள ஃப்ளைபேக் சுருளையும் சேர்த்து எரித்துவிடும். மின்தேக்கிக்குப் புதிது சிம் லிம் டவரில் கிடைக்கும். கோலாலம்பூர்க்காரர்களுக்கு ஜாலான் பாசார் இருக்கிறது. அந்த ஃப்ளைபேக்குக்கு எங்கே போவது? கையால் திரும்பச் சுற்றுபவர்கள் அருகிவிட்டார்கள்.

இதை வீட்டில் திறந்து பார்க்கும் எண்ணமும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் படக்குழாய் பல்லாயிரம் வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கும். அக்காலப் பெட்டிகள் பலவற்றில் உள்ளிருக்கும் இரும்புச் சட்டமே மின்கம்பியோடு நேரடித் தொடர்பில் இருக்கும். வால்வு காலத்தில் தொழில் பழகிய மெக்கானிக் இன்றும் பல ஊர்களில் உண்டு; பழைய மின்சாமான் கடைகளில் விசாரித்தால் வழி சொல்வார்கள். வால்வுகளின் இழைகளைப் பல பெட்டிகளில் ஒரே சரமாகக் கோத்திருப்பார்கள். தீபாவளி விளக்குச் சரம் மாதிரி, ஒன்று போனால் மொத்தமும் இருட்டு. இதைப் பார்த்துவிட்டுப் பெட்டியே செத்தது என்று குப்பையில் போட்டவர்கள் எத்தனையோ பேர்.

பெட்டி உயிர்பெற்றாலும் அதில் எதைப் பார்ப்பது? பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 ஜனவரியில் சிங்கப்பூரிலும், அதே ஆண்டு அக்டோபரில் இங்கும் நின்றுவிட்டது. டிகோடர் பெட்டியின் மஞ்சள் நிற வீடியோ இணைப்பிலிருந்து ஓர் ஆர்எஃப் மாடுலேட்டர் வழியாக அனுப்ப வேண்டும். வாங்கும்போது விஎச்எஃப் அலைவரிசையில் தருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். யுஎச்எஃப் மட்டும் தரும் மாடுலேட்டரை இந்தத் திருகுக்குத் தெரியாது.

எல்சிடி யோசனையைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். படக்குழாயில் காற்றுப் புகுந்திருந்தால், கழுத்துக்குள் வெள்ளிப்பூச்சாகத் தெரிய வேண்டியது பால் வெள்ளையாகியிருக்கும். அப்போதுகூட உள்ளிருப்பதைப் பிடுங்காமல் பெட்டியை அப்படியே வைத்திருப்பதுதான் மேல். குடலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஓர் அலமாரி. அதைத் தளவாடக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

மூன்று வாரம் கழித்து வாசகர் மீண்டும் எழுதினார். படக்குழாயின் எண், தேதிகள் எல்லாம் தாளோடு ஒத்துப்போயினவாம். உள்ளூர் மெக்கானிக் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், பெட்டியைத் திறந்து ஒரு காய்ந்த பல்லியையும் பதினெட்டு மின்தேக்கிகளையும் வெளியே எடுத்திருக்கிறார். ஃப்ளைபேக் பிழைத்திருந்தது. மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, நான்காம் நாள் மாலை படம் வந்திருக்கிறது. மாடுலேட்டரை ஐந்தாம் எண்ணில் வைத்திருந்தார்களாம். அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த அம்மா, “எட்டுல வைங்கப்பா, அஞ்சுல நாம என்னைக்குப் பார்த்தோம்?” என்றிருக்கிறார்.

படத்தின் மேலும் கீழும் இன்னும் இரண்டு விரற்கடை கறுப்பு நிற்கிறது. அதற்கான வால்வு ஒன்று தபாலில் வர வேண்டும். எல்சிடி திரையை அக்கா மகன் தன் அறையிலேயே மாட்டிக்கொண்டாராம்.