உராய்வு மட்டும்தான் குற்றவாளியா?

பட்டாசு ஆலையில் பயங்கர வெடி விபத்து! அறைகள் தரைமட்டம்! தொழிலாளர்கள் உடல் கருகிப் பலி!

விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தச் செய்தி மனப்பாடம். ஊர்ப் பெயர் மாறும். இறந்தவர்களின் எண்ணிக்கை மாறும். காரணம் மட்டும் மாறாது. "மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு வெடித்தது."

ஒவ்வொரு தடவையும் குற்றவாளி உராய்வுதான். அதைக் கைது செய்ய முடியாது. கோர்ட்டில் நிறுத்த முடியாது. அது ஜாமீனும் கேட்காது!

2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் சுமார் 40 உயிர்கள் போயின. முதல் வெடிச் சத்தம் கேட்டு, "யாரையாவது காப்பாத்தலாமே" என்று ஓடிப்போன ஊர்க்காரர்களும் அடுத்து வெடித்ததில் மாண்டார்கள். அந்த ஆலையில் விதிமீறல்கள் இருந்தது பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

2021 பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் பலி. 2024 மே மாதம் செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1-ந் தேதி சின்னக்காமன்பட்டி.

இத்தனைக்கும் உராய்வு ஒன்றுதான் காரணமா?

வாடகைக்கு லைசென்ஸ்

சிவகாசி வட்டாரத்தில் "உள்குத்தகை" என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். ஆலையில் பல அறைகள் இருக்கும். லைசென்ஸ்காரர் அவற்றைப் பிரித்து நாலு பேருக்கு வாடகைக்கு விட்டுவிடுவார். வாடகை வீடு தேடி வந்துவிடும். மருந்தை யார் கலக்குகிறார்கள், எந்த அறையில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர் எட்டிப் பார்க்கமாட்டார்.

குத்தகைக்கு எடுத்தவர் சும்மா இருப்பாரா? கொடுத்த வாடகையையும் எடுக்க வேண்டும், லாபமும் பார்க்க வேண்டும். அதுவும் தீபாவளிக்குள்! நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் எட்டுப் பேர். இடம் போதவில்லையா? மரத்தடியில் வேலை. தொழிலாளிக்கும் எண்ணிக்கைக் கணக்கில்தான் கூலி. கை வேகமாக ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

அச்சங்குளத்தில் நடந்ததும் இதுதான். ஒருவர் லைசென்ஸ், பலர் குத்தகை. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து, ஓய்வு பெற்ற நீதிபதி கண்ணன் தலைமையில் குழு போட்டது. இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. உத்தரவு வந்தது. உயிர் திரும்பவில்லை.

பாலபாடம்

வெயில் ஏறுமுன் மருந்து கலந்து முடித்துவிட வேண்டும். மிச்சக் கலவையை மறுநாளைக்கு வைக்கக்கூடாது. இரும்புச் சாமான் ஆகாது. தரையில் ரப்பர் விரிப்பு வேண்டும். அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும்.

இதெல்லாம் தொழிலின் பாலபாடம். விபத்து நடந்ததும், "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று முதலாளிகள் தரப்பில் சொல்வது வழக்கம். இருக்கலாம். ஆனால் கவனமாக இருக்க அவனுக்கு நேரம் கொடுத்தது யார்? இடம் கொடுத்தது யார்?

கல்லூரி கட்டிய ஊர்

சிவகாசி முதலாளிகள் ஊருக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 1922-ல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். வானம் பார்த்த பூமிக்கு அதனால் சோறு கிடைத்தது. 1963-ல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி வந்தது. 1968-ல் ஸ்டாண்டர்டு பயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி வந்தது. ஏழைப் பிள்ளைகள் பட்டம் வாங்கினார்கள்.

ஆனால் கல்லூரி கட்டிய புண்ணியம் ஒரு கணக்கு. அறைக்குள் உட்கார்ந்திருப்பவன் உயிர் வேறொரு கணக்கு. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழிக்க முடியாது. அந்தக் காலத்து முதலாளி தொழிலைத் தானே கற்றார். வாடகை வாங்கும் இன்றைய லைசென்ஸ்காரருக்குத் தன் ஆலையில் யார் வேலை செய்கிறார்கள் என்றே தெரியாது!

வாங்குகிறவர் கதி

உள்குத்தகைச் சரக்கால் வாங்குகிறவருக்கும் ஆபத்துதான். பேரியம் கலக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியது. 2021-ல் மறுபடியும் கண்டித்தது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் வரக்கூடாது என்றும் விதி இருக்கிறது. மரத்தடியில் அவசரமாகச் சுற்றிய வெடியில் இதையெல்லாம் யார் அளந்து பார்த்தார்கள்?

பட்டியலில் விலையை ஏற்றிப் போட்டு, "80 சதவீதத் தள்ளுபடி" என்றதும் ஜனங்கள் முண்டியடிக்கிறார்கள். அடிமாட்டு விலைக்கு வெடி எப்படி வருகிறது என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

முடியாத காரியமா?

"தொழிலையே மூடு" என்று சொல்வது சுலபம். மூடினால் வீட்டுக்கு வீடு பட்டினி. அது தீர்வு இல்லை.

"உள்குத்தகையை ஒழிக்க முடியாதுங்க" என்பார்கள். குழந்தைத் தொழிலாளர் விஷயத்திலும் இப்படித்தான் சொன்னார்கள். விடியுமுன் பஸ்ஸில் ஏற்றித் தீப்பெட்டி ஆலைக்குக் குழந்தைகளைக் கொண்டுபோன காலம் ஒன்று இருந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம், ஒரு குழந்தைக்கு 20 ஆயிரம் ரூபாய் வீதம் முதலாளி கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. சட்டமும் பள்ளிக்கூடமும் சேர்ந்து நின்றபோது நிலைமை மாறியது.

இதுவும் மாறும். லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ, ஆலையை அவரே நடத்தட்டும். உள்குத்தகை என்று தெரிந்தால் லைசென்ஸ் அடியோடு ரத்து ஆகட்டும். விபத்து நடந்தால் முதல் விலங்கு போர்மேன் கையில் அல்ல, லைசென்ஸ்காரர் கையில் விழட்டும். சோதனைக்குப் போகும் அதிகாரிகள் தீபாவளி நெருக்கத்தில் மட்டும் அல்லாமல் சித்திரை வெயிலிலும் போகட்டும்.

அப்புறம் பாருங்கள், உராய்வு தானாகவே குறையும்!

அதிகாரிகள் கவனிப்பார்களா? இல்லை, இன்னொரு ஊர்ப் பெயர் தலைப்பில் வரும்வரை காத்திருப்பார்களா?