விசாரிக்கும் வேலை நம்முடையதல்ல, தெரிவிக்கும் வேலைதான் நம்முடையது

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆறு மாத இடைவெளியில் வெளிவந்த இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். இரண்டுமே பர்கூர் பக்கம் நடந்தவை.

முதலாவது, 2024 ஆகஸ்ட். கந்திகுப்பத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் ஒரு முகாம் நடந்தது. தேசிய மாணவர் படைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பள்ளியிலேயே தங்கவைக்கப்பட்ட மாணவிகளில் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். வேறு பல மாணவிகளிடமும் அத்துமீறல் நடந்ததாகத் தெரியவந்தது. பிள்ளைகள் வாய் திறக்காமல் இல்லை, நிர்வாகத்திடம் சொன்னார்கள். பெரிதுபடுத்த வேண்டாம் என்று அவர்களை அடக்கினார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. அதனால்தான் பள்ளி முதல்வரும் தாளாளரும்கூடக் கைதானார்கள். முதன்மையாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் அதே மாதம் இறந்துபோனார். நீதிமன்றத்தில் அவரை நிறுத்திக் கேள்வி கேட்கும் வாய்ப்பு அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவே இல்லை.

இரண்டாவது, 2025 பிப்ரவரி. ஓர் அரசு நடுநிலைப் பள்ளியின் 8ஆம் வகுப்பு மாணவியைப் பாலியல் வன்கொடுமை செய்ததாக அதே பள்ளியின் மூன்று ஆசிரியர்கள் போக்சோ சட்டத்தில் கைதானார்கள். இது வெளியே வந்த விதம் முக்கியம். பல நாட்களாகப் பள்ளிக்கு வராத பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்கத் தலைமை ஆசிரியர் வீட்டுக்குப் போனார். அங்கே தாய் சொன்னதிலிருந்துதான் விஷயம் அதிகாரிகளிடம் போனது.

ஒரு பள்ளியில் பிள்ளை சொல்லியும் கதவு மூடப்பட்டது. இன்னொரு பள்ளியில் பிள்ளை சொல்லாமலேயே வருகைப் பதிவேட்டை வைத்துக் கதவு திறந்தது. வித்தியாசம் பொறுப்பில் இருந்த ஒரு பெரியவர் என்ன செய்தார் என்பதில்தான் இருக்கிறது.

பள்ளி, விடுதி, டியூஷன் சென்டர், தொண்டு நிறுவனம் என்று எங்கே புகார் வந்தாலும் முதலில் வரும் பேச்சு ஒன்றுதான்: ‘முதலில் நாங்கள் உள்ளேயே விசாரிக்கிறோம். உண்மையாக இருந்தால் போலீஸுக்குப் போகலாம்.’ கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த விசாரணையில் என்ன நடக்கிறது? பிள்ளை அதே கதையை நாலு பேர் முன்னால் நாலு முறை சொல்ல வேண்டியிருக்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தகவல் போகிறது, செல்போனில் இருப்பது அழிகிறது. பெற்றோரிடம் சமாதானம் பேச ஆள் போகிறது. கடைசியில் ‘ஆதாரம் இல்லை’ என்று முடிகிறது. ஆதாரம் இல்லாமல் போனதே அந்த விசாரணையால்தான்.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இந்த வேலையை நம்மிடம் கொடுக்கவே இல்லை. பிரிவு 19 என்ன சொல்கிறது? குற்றம் நடந்தது என்று தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விடுவது பிரிவு 21இன்படி குற்றம். நிறுவனத்தின் பொறுப்பாளர் தனக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது வழக்குப் போட முடியாது. புகார் தவறாகவே போனாலும் குழந்தையைத் தண்டிக்க முடியாது.

மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்தில் விடுதியில் தங்கிப் படித்த 17 பழங்குடிச் சிறுமிகள் பாதிக்கப்பட்ட வழக்கை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். அவர்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் தெரிந்தும் தெரிவிக்கவில்லை என்பது அவர்மீதான குற்றச்சாட்டு. உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது கடுமையான குற்றம், அது குற்றவாளியைக் காப்பாற்றும் முயற்சி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது.

இனி சாதிக்கு வருவோம். நம் பிள்ளைகள் விஷயத்தில் ‘உள்ளே விசாரிப்பது’ என்பதன் மறுபெயர் கட்டப்பஞ்சாயத்து. அப்பா கிரானைட் குவாரியில் கூலி, அம்மா ரோஜாத் தோட்டத்தில் கூலி, குடியிருக்கும் ஊரில் வேலை கொடுப்பவரும் கடன் கொடுப்பவரும் ஆதிக்க சாதிக்காரர் என்றால், ‘பேசி முடித்துக்கொள்ளலாம்’ என்பது யோசனை அல்ல, மிரட்டல். ராஜஸ்தானில் ஒரு பட்டியல் சாதி மாணவியிடம் ஆசிரியர் அத்துமீறியதாகப் போக்சோ, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இரண்டிலும் வழக்குப் பதிவானது. பிறகு தந்தையிடம் சமரசக் கையெழுத்து வாங்கப்பட்டது. அதை வைத்து உயர் நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர் அந்தக் குடும்பத்தைச் சேராத ஒருவர், ராம்ஜி லால் பைர்வா. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை மீண்டும் உயிர்ப்பித்தது. இது இரு தரப்புக்கு இடையிலான தனிப்பட்ட தகராறு அல்ல, சமூகத்துக்கு எதிரான குற்றம், சமரசத்தால் முடிக்க முடியாது என்றது. சட்டம் படிக்கும் தோழர்கள் இந்தத் தீர்ப்பை வைத்துக்கொள்ளுங்கள். ‘உனக்கும் இந்த வழக்குக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்பவர்களுக்கு அதில் பதில் இருக்கிறது.

ஓசூர் எல்லைக்கென்று தனிச் சிக்கல்களும் உண்டு. சிப்காட்டை நம்பி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தமிழில் புகார் சொல்ல வராது. தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டுமொழி தெலுங்கோ கன்னடமோ. குழந்தைக்குப் புரியாத மொழியில் வாக்குமூலம் பதிவானால் மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்பது போக்சோவிலேயே இருக்கிறது, கேட்டு வாங்க வேண்டும். குடியிருப்பது ஓசூரில், சம்பவம் அத்திபெலேயில் என்றால் ‘எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்ப முடியாது. எந்த இடத்தில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் பிரிவு 173.

இதுவரை சொன்னதெல்லாம் மற்றவர்களைப் பற்றி. நம்மைப் பற்றியும் பேச வேண்டும். நாம் குடியிருப்புகளில் மாலை வகுப்பு நடத்துகிறோம், பறை கற்றுத் தருகிறோம், கோடை முகாமுக்கு அழைத்துப் போகிறோம். பெற்றோர் நம்மை நம்பக் காரணம், நாம் அவர்கள் பிள்ளைகள். நாளைக்கு நம் தோழர் ஒருவர்மீது ஒரு குழந்தை புகார் சொன்னால் என்ன செய்வோம்? ‘அவர் அப்படிப்பட்டவர் இல்லை’, ‘வெளியே போனால் இயக்கத்துக்குக் கெட்ட பெயர்’, ‘ஆதிக்க சாதிக்காரன் இதைப் பயன்படுத்திக்கொள்வான்’ என்று பேச ஆரம்பித்தால், அந்தத் தாளாளர் அறைக்கும் நம் அலுவலகத்துக்கும் வித்தியாசம் இல்லை. பொய் வழக்கில் நம் ஆட்கள் சிக்கவைக்கப்படுகிறார்கள் என்பது உண்மை. அந்த அச்சத்துக்கு மருந்து நல்ல வழக்கறிஞரும் வெளிப்படையான விசாரணையும். குழந்தையின் வாயை மூடுவது மருந்தாகாது. புகாரைத் தெரிவிப்பது தீர்ப்பு எழுதுவது ஆகாது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் நீதிமன்றத்தில் சொல்ல இடம் இருக்கிறது.

ஆகவே குழந்தைகளோடு வேலை செய்யும் எந்தக் குழுவும் இப்போதே எழுதிவைத்துக்கொள்ள வேண்டியவை:

1. பிள்ளை சொன்னால் கேளுங்கள், குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சொன்ன வார்த்தைகளை அப்படியே தேதியோடு எழுதிவையுங்கள்.

2. அன்றே 1098க்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவியுங்கள். பள்ளி மாணவர்களுக்கு 14417 இருக்கிறது. குழுக் கூட்டம் கூடும்வரை காத்திருக்க வேண்டாம்.

3. குற்றஞ்சாட்டப்பட்டவரைக் குழந்தைகள் இருக்கும் இடத்திலிருந்து உடனே விலக்குங்கள். அவர் மாறட்டும், பிள்ளை மாறக் கூடாது. வேறு ஊர்க் கிளைக்கு அனுப்புவது ஆபத்தை இன்னொரு ஊருக்கு அனுப்புவதுதான்.

4. பட்டியல் சமூகக் குழந்தை என்றால், குற்றஞ்சாட்டப்பட்டவர் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர் என்ற நிலையில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகள் முதல் தகவல் அறிக்கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிரிவு 15ஏ தரும் பாதுகாப்பையும் தகவல் உரிமையையும் கேளுங்கள். குழந்தைகள் நலக் குழுவிடம் ஆதரவு நபர் கேளுங்கள்.

5. குழந்தையின் பெயர், படம், பெற்றோர், தெரு, பள்ளி எதையும் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். பிரிவு 23இன்படி அது குற்றம். ‘நீதி வேண்டும்’ என்று எழுதினாலும் குற்றம்தான். நாம் மறந்தாலும் அந்தப் படம் இணையத்தில் இருக்கும்.

6. வகுப்புக்கு வராத பிள்ளையின் வீட்டுக்குப் போங்கள். பர்கூரில் ஒரு வழக்கு அப்படித்தான் வெளியே வந்தது.

அடுத்த கூட்டத்தில் மற்ற விஷயங்களுக்கு முன்னால் இதைப் பேசுங்கள். புகாரை யார் தெரிவிப்பது, அவர்மீதே புகார் வந்தால் யார் தெரிவிப்பது என்று இரண்டு பெயர்களை முடிவு செய்து, அதைப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அவர்கள் மொழியில் சொல்லிவிட்டு வாருங்கள்.