முதுகு போனவருக்குத் "தேய்மானம்" என்று பதில் சொல்வதா?

காலை 6 மணிக்கு மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுப் பக்கம் போனால் தெரியும். குட்டியானை வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். அரிசி, வெங்காயம், சிமெண்டு, டைல்ஸ் பெட்டி என்று இறங்கிக்கொண்டே இருக்கும். அத்தனையும் இறங்குவது ஆள் முதுகில்தான். எலெக்ட்ரிக் டிரெயினைப் பிடிக்க ஓடுகிறவர்கள் அந்த முதுகுகளை இடித்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

அந்த முதுகு ஒரு நாள் மூட்டையோடு சேர்ந்து "மடக்"கென்று பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்?

முதல் நாள் ஒன்றும் ஆகாது. "சுளுக்குப்பா, எண்ணெய் போட்டு நீவிவிடச் சொல்லு, சரியாயிடும்" என்பார் முதலாளி. தொழிலாளியும் அப்படித்தான் நினைப்பார். இரண்டு நாள் லீவு. மூன்றாம் நாள் மறுபடி மூட்டை. சில மாதங்களில் வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும். கால் மரத்துப்போகும். ஸ்கேன் எடுத்தால் "ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது" என்று வரும். வீட்டில் இருக்கும் ஒரு பவுன், இரண்டு பவுன் அடகுக் கடைக்குப் போகும். ஆபரேஷன் நடக்கும்.

ஆபரேஷன் முடிந்து தையல் பிரித்த பிறகும் வலி போகவில்லை. அப்புறம்தான் கதையே ஆரம்பம்!

இது ஏதோ லட்சத்தில் ஒருவருக்கு வரும் கஷ்டம் அல்ல. முதுகுத்தண்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 100-க்கு 10 முதல் 40 பேர் வரை வலி நீடிப்பதாக மருத்துவ ஆய்வுகள் பலவாறாகச் சொல்கின்றன. ஆபரேஷன் செய்தும் தீராத இந்த வலிக்கு டாக்டர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்துவிட்டால் அடுப்பு எரியுமா?

நஷ்டஈடு கேட்டுப் போகிறவருக்கு மூன்று பதில்கள் தயாராக இருக்கும். "என் சரக்கை இறக்கும்போதுதான் பிடிச்சுதுன்னு என்ன சாட்சி?" என்பது முதல் பதில். "வயசாயிடுச்சு, எலும்புத் தேய்மானம்" என்பது இரண்டாவது. "ஆபரேஷன் சரியில்லேன்னா டாக்டரைப் போய்க் கேளு" என்பது மூன்றாவது.

மூன்றாவதை முதலில் முடித்துவிடலாம். ஆபரேஷன் எதற்காக வந்தது? மூட்டை தூக்கியதால் வந்தது. மூட்டை தூக்காதிருந்தால் அவர் ஏன் கத்திக்கு முதுகைக் காட்டப்போகிறார்?

"தேய்மானம்" என்ற பதில்தான் பொல்லாதது. அதை வக்கீல் சொன்னால் பெரிய ஆபரேஷன் தியேட்டர் வார்த்தை மாதிரி கேட்கும். உண்மை என்ன? முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் எடுத்துப் பார்த்து அமெரிக்க டாக்டர்கள் 1994-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு மேல் ஜவ்வு பிதுக்கம் இருந்தது. அவர்கள் யாரும் வலி என்று வந்தவர்கள் அல்ல. ஆகவே ஸ்கேனில் தேய்மானம் தெரிகிறது என்பதால் தேய்மானம்தான் காரணம் என்று ஆகிவிடாது. நேற்று வரை 50 கிலோ மூட்டையைத் தூக்கியதும் இதே தேய்ந்த முதுகுதானே!

அதே ஆய்வு தொழிலாளிக்கும் ஓர் எச்சரிக்கை. ஸ்கேன் படத்தைக் காட்டினால் மட்டும் விபத்து நடந்தது நிரூபணம் ஆகாது. கை துண்டானால் கண்ணுக்குத் தெரியும். முதுகுவலி தெரியாது. எந்த நாள், எந்த வண்டி, எந்த மூட்டை, பக்கத்தில் யார் இருந்தார் என்பதை அன்றே எழுதி வைத்திருந்தால்தான் பின்னால் பேச முடியும். முதல் நாள் பார்க்கும் டாக்டர் சீட்டில் "இடுப்பு வலி" என்று இரண்டே வார்த்தை எழுதி அனுப்புகிறார். "சரக்கு இறக்கும்போது ஏற்பட்டதாகச் சொல்கிறார்" என்று இன்னும் ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவார்?

சட்டம் என்ன சொல்கிறது?

தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். 1923-ல் வந்தது. 2020-ல் பார்லிமெண்டில் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-ந்தேதி அமலுக்கு வந்தபோது அதற்குள் இதுவும் அடங்கிவிட்டது. மோட்டார் வண்டியில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்கள், யார் யார் தொழிலாளி என்று சொல்லும் அந்த 1923 சட்டப் பட்டியலின் முதல் இனத்திலேயே இருந்தார்கள். தினக்கூலி என்பதால் உரிமை போய்விடாது. கான்ட்ராக்டர் ஆள் என்று கம்பெனியும் கை கழுவிவிட முடியாது.

எந்த உறுப்புக்கு என்ன விலை என்றும் சட்டத்தில் ஒரு பட்டியல் உண்டு. கட்டைவிரல் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம். ஒரு கண் போனால் 40 சதவீதம். படிக்கவே ஒரு மாதிரிதான் இருக்கிறது. கால் கட்டைவிரல் வரைக்கும் எண்ணி எழுதியவர்கள், பாரம் சுமக்கும் முதுகெலும்பை எழுத மறந்துவிட்டார்கள்!

தொழில் நோய்களுக்கு இன்னொரு பட்டியல். அதில் குரோமியத்தால் வரும் நோய் உண்டு. குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே குரோம் தோல் பதனிடும் கம்பெனியால்தான் என்பது பலருக்கும் தெரியும். கல் உடைக்கும் தூசியால் வரும் நுரையீரல் நோயும் உண்டு. பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக்காரர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. இருபது வருஷம் மூட்டை தூக்கித் தூக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போன முதுகுக்கு மட்டும் அதிலும் இடமில்லை.

பட்டியலில் இல்லை என்றால் பணமே இல்லை என்று அர்த்தம் அல்ல. பட்டியலில் இல்லாத காயத்துக்கு, சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு போயிற்று என்று டாக்டர் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். இங்கேதான் தொழிலாளி ஏமாறுகிறார். "முதுகில் 20 சதவீத ஊனம்" என்று சர்டிபிகேட் வரும். உடனே "20 சதவீதப் பணத்தை வாங்கிக்கோ" என்பார்கள். உடம்பில் 20 என்றால் சம்பாத்தியத்திலும் 20 தானா?

இந்தக் கேள்விக்கு சுப்ரீம் கோர்ட்டு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. ஒடிசாவில் ஜெய்ப்பூர் என்ற ஊரில் ஒரு சினிமா தியேட்டர் அலங்கார வேலையில் இருந்த தச்சர் 1968 ஜூலையில் கீழே விழுந்து இடது கையை இழந்தார். ஒரு கை மிச்சம் இருக்கிறதே என்றார்கள். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே முழு இழப்புதான் என்று 1975 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. விபத்து நடந்த நாளிலிருந்தே முதலாளி பணம் தரக் கடமைப்பட்டவர் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 2008-ல் டேங்கர் லாரி டிரைவர் ஒருவரின் வழக்கு. கால் போனவர். கமிஷனர் 100 சதவீதம் கொடுத்ததை ஐகோர்ட்டு 65 ஆகக் குறைத்தது. சுப்ரீம் கோர்ட்டு மறுபடி 100 ஆக்கியது. 2010-ல் இன்னும் பச்சையாகச் சொன்னார்கள்: இடது கை போனால் டிரைவருக்கும் தச்சருக்கும் ஏறக்குறைய முழுப் பிழைப்பும் போகிறது, சர்க்கார் குமாஸ்தாவுக்கு வேலையே போகாமல் இருக்கலாம்.

அதே கணக்கு முதுகுக்கும் பொருந்த வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து பில் போடுகிறவர் முதுகுவலியோடு எப்படியோ தள்ளிவிடலாம். லோடுமேன் எதைத் தள்ளுவார்?

ரூபாயில் பார்த்தால்தான் வித்தியாசம் உறைக்கும். 40 வயது. மாதச் சம்பளம் 15 ஆயிரம் (2020 ஜனவரியில் வைத்த உச்சவரம்பும் அதுவே). அதில் 60 சதவீதம் 9 ஆயிரம். அந்த வயதுக்குச் சட்டம் வைத்த பெருக்கல் எண் 184.17. ஆக, முழு இழப்பு என்றால் ரூ.16,57,530. 20 சதவீதம் என்றால் ரூ.3,31,506. ஒரு சர்டிபிகேட்டில் போடும் எண்ணால் கைக்கு வராமல் போவது 13 லட்சத்துக்கு மேல்!

இன்னொரு பள்ளமும் இருக்கிறது. 1923 சட்டப்படி, விபத்து நடந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் மனு போட வேண்டும். ஆபரேஷன் நாளிலிருந்து அல்ல. எண்ணெய்க் கட்டு, மாத்திரை, பெல்ட், ஆபரேஷன், ஆறு மாத ஓய்வு, "இன்னும் கொஞ்ச நாள்ல சரியாயிடும்" என்ற நம்பிக்கை... முதுகுவலிக்கு 2 வருஷம் போவது தெரியாது. தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் கமிஷனர் மன்னிக்கலாம் என்பது உண்மைதான். அதை நம்பிக் காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

சில முதலாளிகள் ஆஸ்பத்திரிக்கே வந்து, இருபதாயிரமோ முப்பதாயிரமோ கையில் வைத்து, "இனி எந்தப் பாத்தியமும் இல்லை" என்று வெள்ளைப் பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். சட்டப்படியான உரிமையை விட்டுக்கொடுக்கும் எழுத்து செல்லாது என்று 1923 சட்டமே சொன்னது. சமரசம் என்றால் கமிஷனரிடம் பதிவு செய்ய வேண்டும். கையெழுத்துப் போட்டவர்கள் அதோடு எல்லாம் முடிந்தது என்று வீட்டில் படுத்துவிடக் கூடாது.

ஈ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்களுக்கு வழி வேறு. அவர்கள் முதலாளியிடம் தனியாக நஷ்டஈடு கேட்க முடியாது, ஈ.எஸ்.ஐ.யில்தான் ஊன உதவித்தொகை வாங்க வேண்டும். அதற்கும் அடிப்படை, கம்பெனி அனுப்பும் விபத்து அறிக்கைதான். சானடோரியம் ஏற்றுமதி வளாகத்தில் வேலை செய்கிற பெண்கள் இதை மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கத் தயங்க வேண்டியதில்லை.

கடைக்காரர்களுக்கும் ஒன்று. இதற்கென்றே இன்சூரன்ஸ் பாலிசி இருக்கிறது. கடையில் சரக்குக்கும் வண்டிக்கும் இன்சூரன்ஸ் எடுக்கிறவர்கள், சரக்கைத் தூக்குகிற ஆளுக்கு எடுப்பதில்லை. ஒரு மாதத்துக்குள் பணம் கொடுக்காமல் இழுத்தால் 12 சதவீத வட்டி, தகுந்த காரணம் இல்லாவிட்டால் 50 சதவீதம் வரை அபராதம் என்று பழைய சட்டத்தில் இருந்ததை அவர்கள் மறந்துவிட வேண்டாம்.

சர்க்கார் செய்ய வேண்டியது வேறு. இந்த வழக்குகளை 3 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2009-லேயே சட்டத்தில் சேர்த்தார்கள். முதுகு ஆபரேஷன் ஆனவரால் அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார முடியாது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்று வர முடியாது. அவரை வாய்தாவுக்கு வாய்தா அலைய விடுவது வலிக்கு மேல் வலி. தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. மாதத்தில் இரண்டு நாள் அதிகாரிகள் இங்கேயே முகாம் போட்டு, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் எலும்பு டாக்டரையும் உட்கார வைத்து, மனு, பரிசோதனை, சர்டிபிகேட் மூன்றையும் ஒரே இடத்தில் முடித்தால் என்ன? அந்த சர்டிபிகேட்டில் ஊன சதவீதத்தோடு, "இவர் செய்து வந்த வேலையை இனிச் செய்ய முடியுமா, முடியாதா" என்ற கேள்விக்கும் டாக்டர் பதில் எழுத வேண்டும் என்று உத்தரவு போட வேண்டும்.