பெயர் ஒன்று, மறுப்பு ஒன்று

2022 ஜூலையில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் விந்தையான சலுகையொன்றை அளித்தது. இனிப்புப் பானத்தின் வணிகப் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' இடம்பெறலாம், 'இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ். அன்று' என்னும் குறிப்பு இருந்தால் போதும். பெயர் உரைப்பதைக் குறிப்பு மறுக்கிறது! மொழியியல் மாணவர் எவரும் அறிவர்: கடையில் கேட்கப்படுவது பெயர்தான், குறிப்பு அன்று. வயிற்றுப்போக்கில் துவளும் குழந்தையின் பெற்றோருக்குப் பொடியெழுத்தைப் படிக்க ஏது நேரம்?

உண்மையான கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸே உண்டு. சர்க்கரை அளவுக்கு மிஞ்சினால் குடலுக்குள் நீரை இழுத்து, போக்கை மிகுவிக்கும். ஹைதராபாத் குழந்தைநல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷின் நெடும் போராட்டத்திற்குப் பின், 2025 அக்டோபரில் சலுகை திரும்பப் பெறப்பட்டது.

ஆயினும் அதே வண்ணப் பொதி பெங்களூரு மருந்துக்கடைகளின் அதே அடுக்கில் நீடித்தால், மக்கள் பழைய பெயரைச் சொல்லியே கேட்பர். அந்த அடுக்கிலிருந்தும் அதனை அகற்ற வேண்டும்.