தரிசு நிலமும் தனித்தேனீக்களும்

'உபயோகமற்ற தரிசு' என்னும் தொடரை மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் நான் பலமுறை எழுதியிருக்கிறேன். நில அறிக்கைகளிலும் திட்டக் குறிப்புகளிலும் அது அடிக்கடி வருவதாகும். அத்தொடர் பிழையானது என்பதே இக்கட்டுரையில் நான் கூற விரும்புவது.

பாலக்காட்டுக் கணவாயில், வாளையாற்றுக்கு அருகே அமைந்துள்ளது கஞ்சிக்கோடு. இருப்புப் பாதையும் தேசிய நெடுஞ்சாலையும் கடந்து செல்லும் இவ்வூர் இன்று கேரளத்தின் முக்கியமான தொழிற்பேட்டைகளுள் ஒன்று. இத்தகைய ஊர்களில் ஆலைகளுக்கும் வயல்களுக்கும் இடையே எஞ்சும் வெற்று மண்மேடுகளும், உழப்படாத வரப்புகளும், பட்டுப்போன பனைகளும் எவருக்கும் பயன்படாதவைபோல் தோன்றும். தனித்து வாழும் தேனீக்களுக்கோ அவையே வீடு.

உலகில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட தேனீ வகைகள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதில்லை. அவற்றுக்கு இராணியும் இல்லை. வேலைக்காரத் தேனீக்களும் இல்லை. பெண் தேனீ தானே வளை தோண்டி, மகரந்தத்தையும் பூந்தேனையும் பிசைந்து வைத்து, அறைக்கு ஒரு முட்டையிட்டு மூடிவிடுகிறது. பெரும்பாலானவை மண்ணில் வளை அமைப்பவை. இலைவெட்டித் தேனீ இலைத் துண்டுகளால் அறை கட்டும். மரந்துளைக்கும் கருவண்டு உலர்ந்த மரத்திலும் மூங்கிலிலும் குடியிருக்கும். இவற்றைக் காக்க விரும்பினால், இவை வாழும் இடத்தைக் காப்பதே முக்கியமான வழி.

இவற்றால் விளையும் நன்மை சிறிதன்று. கத்தரிப் பூவின் மகரந்தப் பை நுனியில் சிறு துளை மட்டுமே உடையது. நீலக் கோடுள்ள தேனீயும் கருவண்டும் பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிர வைத்து அத்துளை வழியே மகரந்தத்தை உதிர்க்கின்றன. பெட்டித் தேனீக்கு இவ்வித்தை தெரியாது.

இடுக்கி மலைகளின் முக்கியப் பயிராகிய ஏலம் மற்றோர் உதாரணம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏலச் செடிகளைக் குறித்துக் குரியகோஸ், சினு, சிவண்ணா ஆகியோர் 2009ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். காட்டில் தானே வளரும் ஏலத்துக்கு முக்கியமாக மகரந்தச் சேர்க்கை செய்பவை தனித்தேனீக்கள் என்றும், தோட்டத்து ஏலத்துக்கு அவ்வேலையைச் செய்பவை மலைத்தேனீ, இந்தியத் தேனீ முதலிய கூட்டத் தேனீக்கள் என்றும் அவர்கள் கண்டனர்.

ஒன்று போனால் மற்றொன்று வேலை செய்கிறதே, இதில் நஷ்டம் என்ன என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு விடை கேரளத்தின் அனுபவத்திலேயே இருக்கிறது. 1991ஆம் ஆண்டையொட்டித் தென்னிந்தியாவில் பரவிய வைரஸ் நோய் ஒன்று இந்தியத் தேனீக் கூடுகளில் பெரும்பகுதியை அழித்தது. ஒரே இனத்தை நம்பியிருப்பது எத்துணை ஆபத்தானது என்பதை அது உணர்த்திற்று.

ஆயினும் தனித்தேனீக்களின் குறைவு எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. தேனீப் பெட்டி காலியானால் உடையவர் அறிவார். மண்மேடு சமனாக்கப்பட்டால் யார் அறிவார்? ஹவாய்த் தீவுகளின் ஏழு தனித்தேனீ இனங்களை 2016ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் அழியும் நிலையிலுள்ளவை என அறிவித்தது. அந்நாட்டில் தேனீக்கள் அவ்வாறு பாதுகாப்புப் பெற்றது அதுவே முதல் முறை. இந்தியத் தனித்தேனீக்களிற் பெரும்பாலானவை சர்வதேசச் சிவப்புப் பட்டியலுக்காக இன்னும் மதிப்பிடப்படவே இல்லை. பட்டியலில் பெயர் இல்லாமையைப் பத்திரமாக இருப்பதற்கு அடையாளமாகக் கொள்ளலாகாது.

களப்பணியாளர்கள் விவசாயிகளுக்குச் சொல்லத்தக்கவை சில உண்டு. நிலத்தைத் திருத்தும்போது வெயில் படும் வெற்று மண்ணில் ஒரு கீற்றையேனும் உழாமல் விட்டுவைக்கலாம். பட்டுப்போன மரம் ஆபத்தில்லாத இடத்தில் நின்றால் நிற்கட்டும். வரப்புக்குத் தீ வைக்க வேண்டாம். பூக்கும் வேளையில் பூச்சிமருந்து தெளிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

ஆசிரியர்கள் மாணவரைப் பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்துக்கு அழைத்துச் சென்று, மண்ணிலுள்ள வளைகளை எண்ணித் தேதியுடன் குறித்துவைக்கச் செய்யலாம். தனித்தேனீக்கள் எளிதில் கொட்டுவதில்லையாதலால், கையால் பிடிக்காத வரையில் அச்சம் தேவையில்லை. ஆண்டுதோறும் இவ்வாறு குறித்துவந்தால், எங்கு எவை குறைகின்றன என்பதற்கு அக்குறிப்பேடே சாட்சியாகும்.

இனி 'உபயோகமற்ற தரிசு' என்னும் தொடர் என் மேசைக்கு வரும்பொழுது, 'உழப்படாத நிலம்' என்றே எழுத எண்ணியிருக்கிறேன். நிலத்தின் நிலையைக் கூறுவது அறிக்கையின் வேலை. அதற்கு உபயோகம் உண்டா இல்லையா என்பதைக் குனிந்து மண்ணைப் பார்த்தவர்களே கூற வேண்டும்.