சிக்னல் போனா நிக்கணும் பாஸ்!

போன செமஸ்டர் மினி புராஜெக்ட்டுக்கு நாங்க நாலு பேர் சேர்ந்து குட்டி ரிமோட் கிரேன் ஒண்ணு செஞ்சோம். காந்திபுரத்துல வாங்கின 433 மெகாஹெர்ட்ஸ் மாட்யூல், ஹெச்.டி.12ஈ - ஹெச்.டி.12டி சிப் ஜோடி, பழைய பொம்மை லாரி. அவ்ளோதான். பட்டனை அழுத்தினா பூம் ஏறும், இறங்கும். எங்க பந்தா தாங்கல!

எக்ஸ்போ அன்னிக்கு சீஃப் கெஸ்ட் முன்னாடி பட்டனை அழுத்தினேன். பூம் ஏறிச்சு. அந்த நேரம் பார்த்து ரிமோட்டோட பேட்டரி வயர் கழண்டுடுச்சு. பட்டனை விட்டுட்டேன், பூம் விடல! ஏறிக்கிட்டே போய், லாரியோட மல்லாக்க விழுந்துச்சு. ஹாலே சிரிச்சுது.

காரணம் சிம்பிள். ஹெச்.டி.12டி கடைசியா வந்த கட்டளையை, அடுத்தது வர்ற வரைக்கும் பிடிச்சு வெச்சிருக்கும். சத்தமே வரலைன்னா, 'சரி, தொடரலாம்'னு அர்த்தம் பண்ணிக்கும்.

அடுத்த வாரம் குறிச்சி சிட்கோ பக்கம் போனப்போ, ஒரு லாரி கிரேன் லேத் மெஷினை இறக்கிட்டு இருந்துச்சு. ஓட்டுற அண்ணா கேபின்ல இல்ல. ரிமோட் பெட்டியை வயித்துல பெல்ட் போட்டுக் கட்டிக்கிட்டு, சரக்கு தெரியற இடமா பார்த்து தரையில நின்னார். என் சோகக்கதையைக் கேட்டு சிரிச்சவர், வேலை முடிஞ்சதும் வெறும் ஹூக்கை ஏத்திக்கிட்டே ரிமோட் பேட்டரியை உருவினார். டக்! ஹூக் அந்தரத்துல அப்படியே நின்னுடுச்சு.

1898-ல நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல நிகோலா டெஸ்லா வயரே இல்லாம ஒரு குட்டிப் படகை ஓட்டிக் காட்டிட்டார். 'ஓடு'ன்னு சொல்றது அப்பவே முடிஞ்ச கதை. சிக்னல் வராதப்போ என்ன செய்யணும்ங்கறதுதான் மேட்டர். நிஜ கிரேன்ல ரிசீவருக்கு சரியான சிக்னல் வந்துக்கிட்டே இருக்கணும். அறுந்தா, இயக்கம் கட். பக்கத்து கிரேனோட ரிமோட்டுக்கு இது அசையக் கூடாதுன்னு ஒவ்வொரு ஜோடிக்கும் தனி அட்ரஸும் உண்டு.

"அப்ப பயமே இல்லைங்களாண்ணா?"

"ஏனுங் தம்பி, சிக்னல் போச்சுன்னா கிரேன் நின்னுக்குமுங். ஆளுகதான் நிக்கறதில்லீங்."

யோசிச்சா பகீர்னு இருக்கு. கேபின்ல இருந்தவரை சரக்குக்கு அடியில போக வழியே இல்ல. ரிமோட் வந்ததும் எங்க வேணா நடக்கலாம், தொங்கற சரக்குக்குக் கீழேயும்! பூம் ஈ.பி. லைன்ல பட்டுச்சுன்னா, தூரத்துல நிக்கறவர் பிழைப்பார். தரையில நின்னு லாரியைத் தொட்டுக்கிட்டு இருந்தா, கேபின்ல இருக்கறதை விட ஆபத்து. காப்பாத்தறது பட்டன் இல்ல மக்களே, நாம நிக்கற இடம்!

ஹாஸ்டலுக்கு வந்ததும் முதல் வேலையா எங்க கிரேனைத் திறந்தோம். ஹெச்.டி.12டி-யில 17-வது பின்னுக்கு வி.டி.ன்னு பேர். சரியான சிக்னல் வர்ற வரைக்கும்தான் அது 'ஹை'. அதை மோட்டார் டிரைவரோட எனேபிள் பின்னுக்குக் கொடுத்தோம். இப்போ பேட்டரியை உருவினா பூம் சமர்த்தா நிக்குது. ஒரே ஒரு வயர்தான்!

புராஜெக்ட் செய்யற மக்களே, ஓட வைக்கறதுக்கு முன்னாடி நிக்க வெச்சுப் பாருங்க. அடுத்த வாரம் மீட் பண்ணலாம்!