கம்ப்யூட்டர் பொய் சொல்லாதாம்!

"கம்ப்யூட்டர் ஜூட் நஹீ போல்தா, சாப்." இந்தூர்ப் பக்கம் மாற்றலாகி வந்த நாளிலிருந்து இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கேஷ் குறைந்தால் கேஷியர் மேல் சந்தேகம். டேலி ஆகாவிட்டால் கிளார்க் மேல் சந்தேகம். உள்ளே உட்கார்ந்து கூட்டிக் கழிக்கிறதே ஒரு நிரல், அதன்மேல் மட்டும் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள்.

நான் பி.காம். பொட்டி தட்டும் தம்பிகள் இதைப் படித்துவிட்டு "உனக்கென்னய்யா தெரியும் புரோகிராமிங் பற்றி" என்று கேட்கலாம். எனக்கு டெபிட் கிரெடிட் தெரியும். அடுத்தவர் எழுதிய விஷுவல் பேசிக்கைத் திறந்து, இது என்ன செய்கிறது என்று எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தெரியும். இன்றைக்குச் சண்டை போட அது போதும்.

சண்டை எதற்கு என்றால், கணக்கு எழுதும் டெஸ்க்டாப் மென்பொருள்களில் திரும்பத் திரும்ப வரும் நாலைந்து பிரச்சினைகளுக்கு நம்மாட்கள் வைத்திருக்கும் 'தீர்வு'களைப் பற்றி. பிரச்சினையைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்வதற்கு அவர்கள் தீர்வு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோர் பேங்கிங் வந்துவிட்டதே, இன்னும் எங்கே டெஸ்க்டாப் என்கிறீர்களா? எந்தக் கிளைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். மெயின் சிஸ்டத்தைச் சுற்றி எக்செல் மேக்ரோ, ஆக்சஸ் ஃபைல், யாரோ என்றைக்கோ விபி6ல் எழுதிக் கொடுத்த குட்டி எக்ஸிஇ என்று ஒரு கூட்டமே குடியிருக்கும். விபி6 வந்தது 1998ல். அதில் நிரல் எழுதும் கருவிக்கு மைக்ரோசாஃப்ட் 2008லேயே ஆதரவை நிறுத்திவிட்டது. எழுதிய நிரல்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கின்றன.

அப்படி ஒரு நிரல் ஒருநாள் சாயங்காலம் திரையில் காட்டியது இது: "வித்தியாசம்: 0.00. டேலி ஆகவில்லை." வித்தியாசமே இல்லையாம், ஆனால் டேலி ஆகவில்லையாம்! வடிவேலு காமெடி மாதிரி இருக்கிறதா? அன்றைக்கு ராத்திரி எட்டரை மணி வரைக்கும் இரண்டு பேர் வவுச்சரை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் பாலபாடம். நம் பத்தடிமான முறையில் மூன்றில் ஒரு பங்கை 0.333 என்று எழுதினால் முடியவே முடியாது இல்லையா? அதேபோல பத்தில் ஒரு பங்கு, அதாவது நம்முடைய பத்துப் பைசா, இரண்டடிமானத்தில் முடியாது. 'டபுள்' என்ற வகையில் பணத்தை வைத்தால் அந்தப் பத்துப் பைசா கிட்டத்தட்டப் பத்துப் பைசாவாகத்தான் உள்ளே உட்காரும். பத்து முறை கூட்டினால் ஒரு ரூபாய் வராது. 0.9999999999999999 வரும். திரையில் இரண்டு தசம இடத்துக்குக் காட்டும்போது 1.00 என்று சாதுவாக நிற்கும். 'இதுவும் அதுவும் சமமா' என்று நிரல் கேட்டால் 'இல்லை' என்று பதில் வரும்.

இதற்கு மருந்து கிடையாதா? நோய் வருவதற்கு முன்னாலேயே மருந்து இருக்கிறது. விபி6ல் 'கரன்சி' என்றே ஒரு வகை உண்டு. தொகையைப் பத்தாயிரத்தால் பெருக்கி முழு எண்ணாக வைத்துக்கொள்ளும், நாலு தசம இடம் வரை துல்லியம். டாட்நெட்டில் 'டெசிமல்', ஜாவாவில் 'பிக்டெசிமல்'. எதுவும் வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் பைசாவாக முழு எண்ணில் வைத்துக்கொள்ளுங்கள், யார் தடுத்தார்கள்? 'டபுள்' என்று அடிப்பதற்கும் 'கரன்சி' என்று அடிப்பதற்கும் ஓரெழுத்து இரண்டெழுத்துதான் கூடக்குறைய. "சார், கிளையண்ட் டைம் தருவதில்லை" என்ற பாட்டை இந்த இடத்தில் பாடாதீர்கள்.

ஆனால் எழுதிக் கொடுத்தவர் செய்து தந்த திருத்தம் என்ன தெரியுமா? வித்தியாசம் ஒரு ரூபாய்க்குக் கீழே இருந்தால் 'டேலி' என்று காட்டிவிடு! மறுநாளிலிருந்து பிரச்சினை இல்லை. எல்லாரும் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனார்கள். எனக்கு அடிவயிறு கலங்கியது அன்றைக்குத்தான்.

ஏன் என்று வணிகவியல் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வித்தியாசம் என்பது ஒரு துப்பு. அது ஒன்பதால் வகுபட்டால் 45ஐ யாரோ 54 என்று இடம் மாற்றி எழுதியிருக்கலாம். இரண்டால் வகுத்து வரும் தொகையில் ஒரு வவுச்சர் இருந்தால், அது டெபிட்டுக்குப் பதில் கிரெடிட்டில் ஏறியிருக்கலாம். எழுபது பைசா வித்தியாசம் என்பது எழுபது பைசா தப்பு என்று அர்த்தமில்லை. இந்தப் பக்கம் ஐயாயிரம், அந்தப் பக்கம் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாய் முப்பது பைசா என்று இரண்டு பெரிய தப்புகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு மிச்சம் எட்டிப் பார்ப்பதாகக்கூட இருக்கலாம். பழைய ஹெட் கிளார்க்குகள் ஐந்து பைசாவுக்காக ராத்திரி உட்கார்ந்தது கஞ்சத்தனத்தால் இல்லை. அந்த ஐந்து பைசாவின் வாலைப் பிடித்தால்தான் உள்ளே இருக்கும் பாம்பு வெளியே வரும். நம் தம்பி வாலை நறுக்கிவிட்டுப் பாம்பு போய்விட்டது என்கிறார்.

ரவுண்டிங் கதை இதைவிட ருசி. விபியில் 'ரவுண்ட்' என்ற ஃபங்ஷன், சரியாக ஐம்பது பைசா வந்தால் பக்கத்திலிருக்கும் இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். 2.5 என்றால் 2, 3.5 என்றால் 4. அதே மைக்ரோசாஃப்டின் எக்செல் தாளில் அதே பெயருள்ள ஃபங்ஷன் 2.5ஐ 3 ஆக்கும். மேக்ரோவில் ஒரு விடை, செல்லில் ஒரு விடை! இந்த இரட்டைப்படை முறைக்கு ஆங்கிலத்தில் 'பேங்கர்ஸ் ரவுண்டிங்' என்று பெயராம். இத்தனை வருடத்தில் எந்தப் பேங்கரும் அப்படி ரவுண்ட் செய்து நான் பார்த்ததில்லை. :-) நம் ஊர் ஜிஎஸ்டி சட்டத்தின் 170ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: ஐம்பது பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் அடுத்த ரூபாய், அதற்குக் கீழே இருந்தால் விட்டுவிடு. சட்டத்தில் இரட்டைப்படை ஒற்றைப்படை எல்லாம் இல்லை. மொழியோடு வந்த ஃபங்ஷனை அப்படியே போட்டுவிட்டு நாட்டின் சட்டத்தைப் படிக்காமல் விட்டால், அதற்குப் பெயர் தொழில்நுட்பச் சிக்கலா?

பதினாறு இலக்கக் கணக்கு எண்ணை எக்செலில் திறந்தால் கடைசி இலக்கம் சைபராகும் கதை ஊருக்கே தெரியும். எக்செல் பதினைந்து இலக்கம்தான் நினைவில் வைக்கும். கணக்கு எண் என்பது எண்ணே இல்லை, அது ஒரு பெயர். யாராவது கணக்கு எண்ணைக் கூட்டிப் பெருக்குகிறார்களா? அதை எழுத்தாக வைக்க வேண்டும் என்பது எல்.கே.ஜி. பாடம். மனித ஜீன்களுக்குப் பெயர் வைக்கும் அமைப்பு 2020ல் 'மார்ச்1', 'செப்ட்1' மாதிரியான பெயர்களையே மாற்றியது, எக்செல் அவற்றைத் தேதியாக்கிவிடுகிறது என்று. விஞ்ஞானியே வளைந்து கொடுக்கும்போது, சம்பளப் பட்டியலை ஏற்றிய கான்ட்ராக்டரின் குமாஸ்தா எம்மாத்திரம்? பணம் திரும்பி வந்தால் திட்டு அவனுக்குத்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் ஜலதோஷம். ஆளைக் கொல்லும் நோய் ஒன்று இருக்கிறது. 'ஆன் எர்ரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்று பெயர். விபியில் இந்த ஒரு வரியை மேலே போட்டுவிட்டால், கீழே எது உடைந்தாலும் நிரல் வாயைத் திறக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும். தேவையான இடத்தில் ஒரு வரிக்கு மட்டும் போட்டு, அடுத்த வரியிலேயே பிழை வந்ததா என்று பார்ப்பதில் தப்பில்லை. நம்மாட்கள் பிள்ளையார் சுழி மாதிரி ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் போடுகிறார்கள். ஏன்? டெமோ காட்டும்போது எர்ரர் பெட்டி வந்தால் பில் பாஸாகாது.

எனக்குத் தெரிந்த ஒரு ஊழியர் கடன் சங்கத்தில் உறுப்பினர்களின் வைப்புத்தொகைக்கு வட்டி கணக்கிட இப்படி ஒரு நிரல் இருந்தது. ஒவ்வொரு கணக்காக எடுத்து, வட்டியைக் கணக்கிட்டு, ஒரு மாறியில் போட்டு, பதிவு செய்யும். ஒரு உறுப்பினருக்குத் தேதி காலியாக இருந்தால் அந்தக் கணக்கிடும் வரி உடையும். உடைந்ததா, வாயை மூடிக்கொண்டு அடுத்த வரிக்குப் போ. அடுத்த வரி என்ன? பதிவு செய். மாறியில் என்ன இருக்கிறது? முந்தைய உறுப்பினரின் வட்டி! அதை எடுத்து இவர் தலையில் கட்டிவிடும். எங்கும் எர்ரர் கிடையாது. எல்லாம் சுபம்.

மூன்று வருடம் இப்படியே ஓடியது. ஆடிட்டில் வட்டிச் செலவு உதைத்தபோது சங்கத்தில் எல்லார் பார்வையும் போனது, சாயங்காலம் ஒரு மணிநேரம் கூட உட்கார்ந்து டேட்டா என்ட்ரி செய்த அந்தக் கிளார்க் மேல். "வேண்டியவர்களுக்குக் கூடப் போட்டிருப்பான்." எழுதிக் கொடுத்தவரைக் கேட்டால், "சாஃப்ட்வேரில் எர்ரரே வந்ததில்லை சார், என்ட்ரிதான் தப்பு" என்கிறார். எர்ரர் வராது என்று அவருக்குத் தெரியாதா, அவர்தானே வாயில் பிளாஸ்திரி ஒட்டினார்! பட்டியலைக் கையில் வாங்கி வரிசையாகப் பார்த்தேன். அகர வரிசையில் அடுத்தடுத்து இருந்த இரண்டு பேருக்கு, வெவ்வேறு வைப்புத்தொகைக்கு, பைசா பிசகாமல் ஒரே வட்டி. அப்படி ஏழு ஜோடி. மனிதன் திருடினால் இவ்வளவு ஒழுங்காக வராது. அந்தக் கிளார்க் தப்பித்தார். இரண்டு வாரம் அவர் கேன்டீன் பக்கமே வரவில்லை என்பதை எந்தப் பேட்ச் போட்டுச் சரி செய்வார்கள்?

இது ஏதோ நம் ஊர் மலிவு மென்பொருளின் லட்சணம் என்று நினைக்காதீர்கள். பிரிட்டனின் தபால் நிலையங்களுக்கு 1999லிருந்து 'ஹொரைசன்' என்று ஒரு கணக்கு மென்பொருள் போனது, ஃபுஜிட்சு தந்தது. கவுண்டரில் இல்லாத பற்றாக்குறையை இருப்பதாகக் காட்டியது. குறைந்ததைக் கிளையை நடத்துபவரே கைக்காசைப் போட்டு அடைக்க வேண்டும் என்பது அங்கே ஒப்பந்தம். 2015 வரைக்கும் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். நம் இந்திய வம்சாவளிக்காரர் சீமா மிஸ்ராவுக்கு 2010ல் பதினைந்து மாதச் சிறை, அப்போது அவர் கர்ப்பிணி. 2021ல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தூக்கியெறிந்தது. பாதிக்கப்பட்டவர்களில் குறைந்தது பதின்மூன்று பேர் இதனால் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்று 2025 ஜூலையில் வந்த விசாரணை அறிக்கை சொல்கிறது.

அந்த மென்பொருளில் இருந்த பிழைகளில் ஒன்றைக் கேளுங்கள். 2015ல் ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டனில் 8,000 பவுண்டு ரொக்கம் வந்ததைப் பதிவு செய்கிறார்கள். திரை அப்படியே நிற்கிறது. திரும்பத் திரும்ப என்டர் தட்டுகிறார்கள். ஒவ்வொரு தட்டும் ஒரு வரவு! 8,000 போய் 32,000 ஆகிவிட்டது. ஒரு பொத்தானை ஒரு முறை அழுத்தியதும் அதை முடக்கி வை, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு எண் கொடுத்து அதே எண் மறுபடி வந்தால் தள்ளிவிடு. இவ்வளவுதான் வைத்தியம். இதையும் முதல் பாடத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

நிற்க. எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால், கையெழுத்துப் போடுவது நான் என்பதால். 1891ஆம் வருடத்து வங்கிப் புத்தகச் சாட்சியச் சட்டத்தில் 2000ல் சேர்த்த 2ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. கம்ப்யூட்டர் பிரின்ட் அவுட்டைக் கோர்ட்டில் கொடுக்க வேண்டுமானால், அந்தக் கம்ப்யூட்டர் அமைப்பு குறிப்பிட்ட நேரத்தில் ஒழுங்காக இயங்கியது, எனக்குத் தெரிந்தவரை, நான் நம்பியவரை, என்று அதன் பொறுப்பாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். கிளையில் அந்தப் பொறுப்பாளர் பெரும்பாலும் என்னைப் போல ஒரு பி.காம். ஆசாமிதான். உள்ளே வாய்க்குப் பிளாஸ்திரி ஒட்டி வைத்த நிரலைப் பார்த்து "ஒழுங்காக இயங்கியது" என்று நான் எதை வைத்து நம்புவது? நிரல் எழுதியவர் ஒரு இடத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை. லைசென்ஸ் ஒப்பந்தத்தில் 'எந்த இழப்புக்கும் நாங்கள் பொறுப்பல்ல' என்று பொடி எழுத்தில் அடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்.

ஆகையால் பொட்டி தட்டும் தம்பிகளே, எர்ரர் வந்தால் பெட்டி திறக்கட்டும், நிரல் நிற்கட்டும். எந்தக் கணக்கில், எந்த வரியில், எத்தனை மணிக்கு என்று ஒரு லாக் ஃபைலில் எழுதிவிட்டு நிற்கட்டும். கஸ்டமர் கத்துவார், நாங்கள் சமாளித்துக்கொள்கிறோம், அது எங்களுக்குப் பழக்கம்தான்.

அதுவரைக்கும் என்னோடு இந்தத் தொழிலில் இருக்கும் சகாக்கள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் மேஜையில் ஓடும் நிரலில் 1240.50, 1241.50 என்ற இரண்டு தொகைகளையும் போட்டு ரவுண்ட் செய்து பாருங்கள். 1241, 1242 என்று வர வேண்டும். 1240 என்று வந்தால் அந்த பிரின்ட் அவுட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எழுதிக் கொடுத்தவரைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வையுங்கள்.